அப்பாவுக்கு ‘ஒத்துக்காத உணவு’ டெஸ்ட் எடுத்து 38,500 ரூபாய் தொலைத்தோம்

நேற்று நரம்பியல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வீட்டில் யாருக்காவது பார்க்கின்சன் (நடுக்கமும் உடல் இறுக்கமும் வரும் நரம்பு நோய்) இருந்தால் படியுங்கள். எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 71 வயது. நோய் வந்து எட்டு வருடம். அதற்கான முக்கிய மருந்தான லெவோடோபா மாத்திரை நாளுக்கு நாலு வேளை. கொஞ்ச நாளாகக் காலை மாத்திரை சரியாகப் பிடிக்கவில்லை. போட்டு ஒன்றரை மணி நேரம் ஆகியும் கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடப்பார். ராத்திரி போனில் இதைப் பற்றித் தேடும்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. டெஸ்ட் கிட்டும் டயட்டும் ஆன்லைனில் விற்கும் கம்பெனி. பெயர் எழுத மாட்டேன், வக்கீல் நோட்டீஸ் வாங்கும் தெம்பு எனக்கு இல்லை.

14,500 ரூபாய் கட்டினேன். விரலில் குத்தி நாலு சொட்டு ரத்தத்தை அட்டையில் வைத்து அனுப்பினோம். ரிப்போர்ட்டில் பால், கோதுமை, துவரம்பருப்பு, முட்டை, புளி எல்லாம் சிவப்பு. அப்புறம் ஆலோசகர் வீடியோ காலில் வந்தார். “உங்க அப்பா எனக்கும் அப்பா மாதிரிதான் மேடம். பாலை இன்னைக்கே நிறுத்துங்க” என்றார். அப்பாவிடமும் “சாப்பிட்டீங்களாப்பா?” என்று விசாரித்தார். அப்பா பேசுவது குழறலாக இருக்கும், சொந்தக்காரர்களே அவசரப்படுத்துவார்கள். அந்தப் பெண் பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார். அங்கேதான் விழுந்தோம்.

பாலோடு பருப்பு, முட்டையையும் நிறுத்தினோம். நாலாம் நாள் காலை அப்பா தானே எழுந்து போய் வாசலில் கிடந்த பேப்பரை எடுத்து வந்தார். அம்மா அழுதுவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில், அவர்கள் கேட்ட 24,000 ரூபாயை அன்றே கட்டி மூன்று மாத ‘நரம்பு ஊட்ட’ பவுடர் வாங்கினேன். ஆக மொத்தம் 38,500.

காலை ஏழு மணிக்கு ஒரு கரண்டி பவுடர், மாத்திரையோடு சேர்த்து. ஒரே வாரத்தில் பழைய நிலையை விட மோசம். குளியலறை வாசலில் கால் தரையில் ஒட்டியது போல உறைந்து நின்றுவிடுவார். போன் செய்தால் “நச்சு வெளியேறுது மேடம், நல்ல அறிகுறிதான்” என்றார்கள். இரண்டு வாரம் கழித்து “பவுடரை ரெண்டு வேளை ஆக்குங்க, மாத்திரையை மெல்லக் குறைக்கலாம்” என்றார்கள். மாத்திரையில் மட்டும் கை வைக்கவில்லை, ஏதோ புண்ணியம்.

டாக்டர் நேற்று கேட்டது ஒரே கேள்வி: “மாத்திரையை எதோட குடிக்கிறார்?” டப்பாவைக் காட்டினேன். ஒரு கரண்டியில் 25 கிராம் புரதம். ஒரு டம்ளர் பாலில் ஆறேழு கிராம்தான் இருக்குமாம். புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் இந்த மருந்தும் குடலில் ஒரே வாசல் வழியாகத்தான் ரத்தத்துக்குள் போக வேண்டும், மூளைக்குள் நுழையவும் அதே போட்டிதான் என்றார். எல்லோருக்கும் இந்தப் பாதிப்பு வெளியே தெரியாது, வருடக்கணக்கில் மருந்து எடுப்பவர்களிடம்தான் அதிகம் தெரியுமாம். அப்பா முன்பெல்லாம் மாத்திரையைப் பாலோடுதான் விழுங்குவார். பாலை நிறுத்தியதும் எழுந்து நடந்தது அதனால்தான். ஒவ்வாமையும் இல்லை, மண்ணும் இல்லை! பவுடர் வந்ததும் அதே தப்பு நாலு மடங்காகத் திரும்பி வந்துவிட்டது.

அந்த ரிப்போர்ட்? அதில் அளந்தது ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை. நாம் அடிக்கடி சாப்பிடும் பொருளுக்கு ரத்தத்தில் அது இருப்பது இயல்பு, நோய் இல்லை. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவ அமைப்பு 2008லேயே இந்த வகை டெஸ்டை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டது. பருப்பும் முட்டையும் இல்லாமல் அப்பா ஐந்து கிலோ இளைத்ததுதான் மிச்சம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். டப்பாவைத் திறந்தாயிற்று, முடியாதாம். டெஸ்டுக்கு ரீஃபண்டே கிடையாதாம். “புகார் டிக்கெட் போட்டிருக்கோம், 48 மணி நேரத்தில் பதில் வரும்” என்றார்கள். அது மூன்று தடவை முடிந்துவிட்டது. ‘எனக்கும் அப்பா மாதிரி’ என்ற ஆலோசகரின் நம்பரில் இப்போது ரிங் கூடப் போவதில்லை. 38,500 ரூபாய், அம்மாவின் நகைச் சீட்டுப் பணம். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், பார்க்கலாம்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை. எங்கள் டாக்டர் சொன்னது இதுதான்: மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் வெறும் தண்ணீரில் போடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை அதோடு சேர்க்காதீர்கள். புரதத்தை அடியோடு நிறுத்தாதீர்கள், பெரும்பங்கை ராத்திரிக்குத் தள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பூனைக்காலி விதைப் பொடி என்று யாராவது விற்றால் அதிலும் லெவோடோபாதான் இருக்கிறது, டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள், உயிருக்கே ஆபத்து.

அப்பாவுக்கு மாத்திரை நேரம். மிச்சம் பிறகு.