ஸ்பானிஷ் படிக்கப் போகிற ஆட்கள் காசு கட்ட முதல் இதை வாசியுங்கள்

மட்டக்களப்பு டவுனில் மாடிப்படி ஏறிப் போகிற, ஸ்பெயினுக்குப் படிக்க ஆள் அனுப்புகிற ஒரு சின்ன ஒபிஸ். பெயர் போடவில்லை, விஷயம் இன்னும் மத்தியஸ்த சபையில் கிடக்கிறது. ஆனால் ஊரில் இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகள் அதே படியில் ஏறி இறங்குவதாகக் கேள்விப்பட்ட பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

நான் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் ரிசெப்ஷன் வேலை செய்கிறேன். ஜூலை, ஆகஸ்டில் ஸ்பெயின்காரர் குடும்பம் குடும்பமாக வருவார்கள். இங்கிலீஷில் நாலு சொல்லுக்கு மேல் பல பேருக்கு ஓடாது. ஸ்பானிஷ் தெரிந்த கைட் கொழும்பிலிருந்துதான் வரவேண்டும், அவர்களுக்குக் கிடைக்கிற சம்பளத்தையும் நான்தான் கணக்கில் எழுதுகிறேன். எனக்கும் ஆசை வந்தது. சீட்டுக் காசு, மிச்சத்துக்கு வங்கிக் கடன்.

ஒபிஸ்காரர் சொன்னது: சலமங்கா என்ற ஊரில் 12 கிழமைப் படிப்பு, ஒரு குடும்பத்தோடு தங்குமிடம், சாப்பாடு, எயார்போட்டில் பெயர்ப் பலகையோடு ஆள், முடிவில் ஸ்பெயின் அரசாங்கச் சான்றிதழ். டிக்கெட் தவிர எல்லாம் சேர்த்து 14 லட்சம். "தங்கச்சி, நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வேணாம். மெயில் கூட நாங்களே உங்கட பேரில ஒண்டு திறந்து எல்லாம் கதைச்சு முடிப்பம்." தனியாகப் போகிற பொம்பிளைப் பிள்ளை என்று பயந்துகொண்டிருந்த அம்மாவுக்கு அதைக் கேட்டதும் பெரிய நிம்மதி. எனக்கும்தான். என் தலையில் நானே மண் அள்ளிப் போட்ட இடம் அந்த மெயில்தான், ஆனால் அது விளங்கியது சலமங்காவில்.

கொழும்புக்குப் போய்க் கைரேகை கொடுத்து, விசாவும் வந்தது. ஸ்டிக்கரில் வகை என்ற இடத்தில் 'சி', தங்கும் நாட்கள் 30. "12 கிழமை எண்டீங்களே அண்ணே?" என்று கேட்டேன். "பள்ளிக்கூடத்துக் கடிதம் இப்ப 4 கிழமைக்குத்தான் எடுத்த. அங்க போய் நீட்டலாம், பின்னேரத்தில வேலையும் செய்யலாம்" என்றார். கணக்குப் போட்டிருக்க வேண்டும். 12 கிழமை என்றால் 84 நாள். 'சி' என்பது குறுகிய கால ஷெங்கன் விசா, ஸ்பெயினோடு வேறு பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவானது. அதில் 180 நாளுக்குள் 90 நாள் வரை இருக்கலாம். அப்படியானால் முழுப் படிப்புக்கும் கடிதம் எடுத்து ஒரேயடியாகக் கேட்டிருக்கலாமே, ஏன் 4 கிழமைக்கு? அதோடு, இந்த 'சி' விசாவை ஆஸ்பத்திரியில் கிடந்தால் போல மிகப் பெரிய காரணம் இல்லாமல் நீட்டிக் கொடுக்கமாட்டார்கள். வேலை செய்யவும் அதில் இடமில்லை. 90 நாளுக்கு மேல் படிக்கிறவர்கள் எடுப்பது 'டி' என்ற வேறு விசா. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. ரிட்டர்ன் டிக்கெட்டை 28ஆம் நாளுக்குப் போடச் சொன்னபோதாவது எனக்கு மண்டையில் உறைத்திருக்க வேண்டும்.

மட்ரிட் எயார்போட்டில் பெயர்ப் பலகையோடு ஒருவரும் இல்லை. ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். ஒபிஸ்காரரின் வாட்ஸ்அப் ஒற்றை டிக்கிலேயே நிற்கிறது. ஒருவர் வந்து "டக்சி, டக்சி" என்று பெட்டியில் கை வைத்தார். அங்கே முறையான டக்சி என்றால் வெள்ளைக் கார், கதவில் சிவப்புக் கோடு, வெளியே வரிசையில் நிற்கும். ஹோலுக்குள் வந்து ஆள் பிடிக்கமாட்டார்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு விசாரணை மேசைக்குப் போனேன். சலமங்காவுக்கு எயார்போட்டிலிருந்தே பஸ் இருக்கிறது, முதலாம் டெர்மினலுக்குப் போ, அதற்கு இலவச பஸ் ஓடுகிறது என்று அந்தப் பெண் துண்டில் எழுதித் தந்தார். 200 கிலோமீற்றருக்கு மேல் தூரம். ஜன்னலோரம் முழுக்கக் காய்ந்த வெளி, நம்ம ஊர் வயல் அறுவடை முடிந்த மாதிரி.

வீட்டு விலாசம் உண்மை. அறுபது தாண்டிய அம்மா ஒருவர், கட்டிப்பிடித்து உள்ளே கூட்டிப் போனார். இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு என்று தெரியாமல் ஆறு மணியிலிருந்து பசியோடு கிடந்தது தனிக் கதை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில்தான் இடி. என் பெயரில் 2 கிழமைதான் பதிவு. நான் கடிதத்தைக் காட்டினேன். செயலாளர் கம்பியூட்டரைத் திருப்பி என் பக்கம் வைத்தார். முதலில் 4 கிழமைக்கு முழுக் காசும் கட்டி, விசாவுக்கான கடிதம் எடுத்திருக்கிறது. விசா கிடைத்த மூன்றாம் நாள் "எனக்கு லீவு கிடைக்கவில்லை, 2 கிழமையாகக் குறையுங்கள், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்" என்று ஒரு மெயில். கீழே என் பெயர். என் பெயரில் அவர்கள் திறந்த அந்த மெயில்தான். தங்குமிடத்தையும் அப்படியே குறைத்துக் காசைத் திருப்பி எடுத்திருக்கிறார்கள். 12 கிழமை என்ற பேச்சே அங்கே யாருக்கும் தெரியாது.

சுவரில் விலைப்பட்டியல் தொங்கியது. வகுப்பு கிழமைக்கு 190 யூரோ, வீடும் சாப்பாடும் 250. இரண்டு கிழமைக்கு 880 யூரோ, அன்றைய கணக்கில் 3 லட்சத்து எட்டாயிரம் ரூபாய். என்னிடம் "எம்பசிக் காசு" என்று தனியாக ஒரு லட்சமும் வாங்கியிருந்தார்கள். ஷெங்கன் விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, அதோடு விண்ணப்ப நிலையத்துக்குக் கொஞ்சம். மிச்சத்தை நீங்களே கழித்துப் பாருங்கள்.

அரசாங்கச் சான்றிதழும் அப்படித்தான். அந்தச் சான்றிதழுக்கான டெலே என்ற ஸ்பானிஷ் சோதனையை நடத்துவது ஸ்பெயின் அரசாங்கத்தின் மொழி நிறுவனமான இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தெஸ். குறித்த திகதிகளில் வரும், தனியாகப் பதிந்து தனியாகக் காசு கட்ட வேண்டும். பள்ளிக்கூடம் தருவது வகுப்புக்கு வந்ததற்கான தாள் மட்டும். அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் 1218இல் தொடங்கியது. அதன் முகப்புச் சிற்பத்தில் மண்டையோட்டின் மேல் குந்தியிருக்கிற தவளையைக் கண்டுபிடித்தால் சோதனை பாஸ் என்பார்கள். இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன். சோதனைதான் இல்லை.

வகுப்பு மட்டும் குறை சொல்ல முடியாதது. முதல் நாள் ஆசிரியை பொருட்களைக் காட்டிப் பெயர் சொல்கிறார்: மேசா, பான், தபாத்தோ. நான் சிரித்துவிட்டேன். மேசை, பாண், சப்பாத்து! போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள், ஸ்பானிஷ் போர்த்துக்கேய பாஷைக்குத் தங்கச்சி முறை. எங்கள் ஊரில் அவர்கள் 1628இல் கட்டிய கோட்டை இன்னும் நிற்கிறது என்றேன். அந்த நேரம் போர்த்துக்கலுக்கும் எங்கட ராசாதானே என்று அவர் சொல்ல, வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது.

இரண்டு கிழமை முடிய எங்கே தங்குவது? பேஸ்புக்கில் ஒரு அறை பார்த்தேன், படம் பளிச்சென்று, விலை பாதி. சொந்தக்காரர் வெளிநாட்டிலாம், முற்பணம் அனுப்பினால் சாவி கூரியரில் வருமாம். அனுப்பப் போன நேரம் வீட்டுக்காரம்மா போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "நோ, இஹா, நோ" என்றார். இஹா என்றால் மகள். அறையைக் கண்ணால் பார்க்காமல் ஒரு சதமும் அனுப்பாதே என்று கையால் காட்டி விளங்கப்படுத்தினார். பிறகு கம்பஸ் பக்கம் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸில் நம்பர் கிழித்து, நேரே போய்ப் பார்த்து, நாலு மாணவிகளோடு ஒரு அறை எடுத்தேன். கையிலிருந்த காசில் இன்னும் ஒரு கிழமை வகுப்புக்கு நானே பள்ளிக்கூடத்தில் கட்டினேன். பத்து நிமிட வேலை. இதைக் கல்லடியில் எங்கள் வீட்டு வாங்கில் இருந்தபடியே செய்திருக்கலாம்.

28ஆம் நாள் திரும்பி வந்து நேரே அந்த ஒபிஸுக்குப் போனேன். "விசா எடுத்துத் தந்தமா இல்லையா?" என்றார் தங்கச்சி போட்டுக் கதைத்த அதே மனிதர். பற்றுச்சீட்டைப் பாருங்கள் என்றார். பார்த்தேன். "ஆலோசனைக் கட்டணம்" என்று ஒரே வரி. படிப்பு, கிழமை, தங்குமிடம் ஒன்றும் அதில் இல்லை. சுவரில் தொங்குகிற லைசன்ஸ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தினது. அங்கே முறைப்பாட்டுக்குப் போனால், அது வேலைக்கு ஆள் அனுப்புவதற்கான அனுமதி, படிப்பு விஷயம் எங்களுடையது அல்ல என்றார்கள். பொலிஸில் எழுதிக்கொடுத்து, அங்கிருந்து மத்தியஸ்த சபை. முதல் தவணைக்கு வந்தார், இரண்டாம் தவணைக்கு ஆளில்லை. பள்ளிக்கூடத்துச் செயலாளர் அந்த மெயில்களை எல்லாம் எனக்கு அனுப்பித் தந்திருக்கிறார். என் கையில் இருக்கிற ஒரே பலம் அதுதான்.

ஏற்கெனவே காசு கட்டியவர்கள், கடிதத்தில் இருக்கிற மெயில் முகவரி உங்களுடையதுதானா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்று இரவே பள்ளிக்கூடத்துக்கு உங்கள் சொந்த மெயிலிலிருந்து, பாஸ்போர்ட் படத்தோடு எழுதுங்கள்: என் பெயரில் எத்தனை கிழமை பதிவு, எவ்வளவு கட்டியிருக்கிறது, யார் கேட்டாலும் என்னைக் கேட்காமல் காசைத் திருப்ப வேண்டாம். இங்கிலீஷில் எழுதினால் போதும். எனக்கு அடுத்த நாளே பதில் வந்தது. விலாசத்தை ஒபிஸ் தந்த தாளிலிருந்து எடுக்காதீர்கள், இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தெஸ் தன் இணையத்தளத்தில் அங்கீகரித்த பள்ளிகளின் பட்டியல் போட்டிருக்கிறது, அதிலிருந்து எடுங்கள். அந்தப் பட்டியலில் பள்ளிக்கூடமே இல்லையென்றால், மெயில் எழுத முதல் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.