ஒன்பது வருஷமாக எம்பி3டேக்: இரண்டு சௌந்தரராஜன்களை ஒருவராக்கிய கதை

அப்பாவுக்கு ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் டி.எம்.எஸ். வேண்டும். ஒருநாள் டேப்லெட்டைத் தடவிக்கொண்டே இருந்தவர், "டேய், பாதிப் பாட்டைக் காணோம். அழிச்சிட்டியா?" என்றார். "இல்லப்பா, குடுங்க பாக்கறேன்" என்று வாங்கிப் பார்த்தால், பாடகர் பட்டியலில் டி.எம்.சௌந்தரராஜன் இரண்டு பேர். ஒருவரிடம் 131 பாட்டு, இன்னொருவரிடம் 118. பார்த்தால் இருவரும் ஒரே ஆள்தான். எழுத்தைப் பெரிதாக்கியபோதுதான் பிடிபட்டது: ஒன்று 'சௌ', மற்றது 'செள'. அதாவது 'செ' போட்டுப் பக்கத்தில் ஒரு 'ள'. அதில் பாதியை டைப் அடித்தவன் நானேதான்.

பாட்டு ஃபைலுக்குள் இருக்கும் தலைப்பு, பாடகர், ஆல்பம் போன்ற விவரங்களை (அதுதான் 'டேக்') திருத்தும் மென்பொருள் எம்பி3டேக். 2016 கடைசியில் அதைப் பயன்படுத்தத் தொடங்கினேன். விண்டோஸில் இலவசம், மேக்கில் காசு. என்னிடம் இப்போது 4,300 பாட்டுச் சொச்சம். அப்பாவின் கேசட்டிலிருந்து மாற்றியவை, சிடியிலிருந்து எடுத்தவை, நண்பர்கள் பென்டிரைவில் கொடுத்தவை என்று கலவையான குடும்பம். பென்டிரைவில் வந்தவைதான் பெரிய தலைவலி. பாட்டுப் பெயருக்குப் பின்னால் ஏதோ தளத்தின் முகவரி, ஆல்பம் பெயரில் அதே முகவரி, அட்டைப் படத்திலும் அதே முகவரி. அதைத் துடைக்கத்தான் இந்த மென்பொருளையே இறக்கினேன். ஃபோல்டரைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஒரு 'ஆக்‌ஷன்' (செய்ய வேண்டிய மாற்றங்களைச் சொல்லும் கட்டளை) எழுதி ஓட்டினால் ஐந்து நிமிஷத்தில் சுத்தம். அந்த முதல் நாள் சந்தோஷத்தில், இனி வேலை இல்லை என்று நினைத்தேன்.

வேலையே அதற்குப் பிறகுதான். எம்பி3 ஃபைலில் விவரங்களை வைக்கும் முறைக்கு ஐடி3 என்று பெயர். அந்த ஐடி3 டேக்கில் 'ஆர்ட்டிஸ்ட்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. இங்கிலீஷ் ராக் குழுவுக்கு அது போதும். குழுவின் பெயரைப் போட்டால் முடிந்தது. நம் சினிமாப் பாட்டுக்கு அங்கே யாரைப் போடுவது? இசையமைப்பாளரையா, பாடியவர்களையா? என் நண்பர்கள் பாதிப் பேர் இசையமைப்பாளரைப் போடுகிறார்கள், மீதிப் பேர் பாடகரைப் போடுகிறார்கள். இரண்டு வகையும் என் வன்தட்டில் கலந்து கிடந்தன. பல மாதம் முன்னும் பின்னும் மாற்றிவிட்டு நான் வந்து நின்ற இடம் இது: ஆர்ட்டிஸ்டில் பாடியவர்கள், ஆல்பம் ஆர்ட்டிஸ்டில் இசையமைப்பாளர், கம்போஸர் கட்டத்திலும் அவரே. பாடலாசிரியருக்கு 'லிரிசிஸ்ட்' என்று தனிக் கட்டம் உண்டு. முகப்பில் தெரியாது, ஆல்ட்-டி அழுத்தினால் வரும் பெட்டியில் சேர்க்க வேண்டும். இப்படிச் செய்தால் படம் ஒரே ஆல்பமாக நிற்கும். ஆர்ட்டிஸ்டை மட்டும் நம்பினால் ஐந்து பாட்டுள்ள படம் ஐந்து ஆல்பமாக உடைந்துபோகும். என் பழைய பிளேயரில் அப்படித்தான் சிதறிக் கிடந்தது.

ஆல்பம் பெயரில் படத்தோடு வருஷத்தையும் சேர்க்கிறேன். 'பில்லா' என்று மட்டும் போட்டால் 1980-ல் எம்.எஸ்.வி. இசையமைத்ததும் 2007-ல் யுவன் சங்கர் ராஜா இசையமைத்ததும் அடுத்தடுத்துப் போய் உட்கார்ந்துவிடும். 'ஆயிரத்தில் ஒருவன்' 1965-லும் உண்டு, 2010-லும் உண்டு. அந்த 1965 படம் இன்னொரு விதத்திலும் சோதனை. அதோடு விஸ்வநாதன்-ராமமூர்த்தி ஜோடி பிரிந்தது, அப்புறம் எம்.எஸ்.வி. தனியாக. இருவரையும் இரண்டு பெயராகப் பிரித்து எழுதினால் ராமமூர்த்தி தனியே போட்ட படங்களோடு ஜோடிப் படங்களும் வந்து சேரும். ஆகவே 'விஸ்வநாதன்-ராமமூர்த்தி' என்பது என் பட்டியலில் ஒரே ஆள். யாராவது இதை ஒத்துக்கொள்ளாவிட்டால் பரவாயில்லை, ஆனால் ஒரு முடிவை எடுத்து எழுதி வையுங்கள். நான் மேஜை டிராயரில் ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: இனிஷியலுக்குப் பின் புள்ளி உண்டு, இடைவெளி கிடையாது; ஜோடிப் பாட்டில் பெயர்களுக்கு நடுவே அரைப்புள்ளி; 'குழுவினர்' கடைசியில்.

தமிழிலா, ஆங்கில எழுத்திலா என்ற சண்டையும் எனக்குள் ஒரு வருஷம் ஓடியது. ஆங்கிலத்தில் வைத்தால் இளையராஜாவுக்கு எல் ஒன்றா இரண்டா, ஏ எத்தனை என்று என் பட்டியலில் மட்டும் நான்கு இளையராஜா. தமிழுக்கு மாறினால் தீரும் என்று நம்பி மாறினேன். மாறிய பிறகு வந்ததுதான் அந்த இரட்டைச் சௌந்தரராஜன்.

அதைச் சரிசெய்யப் போய் நான் பட்டது தனிக்கதை. ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்து வரிசையைத் தேடி மாற்றும் முறை) ஒரு விதி எழுதி, 'ெள' வரும் இடமெல்லாம் 'ௌ' ஆக்கு என்றேன். சௌந்தரராஜன் ஒருவரானார். அதே நொடியில் 'வெள்ளி' எல்லாம் உடைந்து, வட்டப் புள்ளி தொங்கும் விநோத எழுத்தாக மாறியது. ள-வுக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் தொடாதே என்று விதியைத் திருத்தினேன். வெள்ளி பிழைத்தது, 'தெளிவு' பிழைத்தது. நாட்டுப்புறப் பாட்டு ஃபோல்டரில் மட்டும் 'கெளம்பு' என்பது 'கௌம்பு' ஆகி, 'வெளக்கு' அணைந்துவிட்டது. அந்த முப்பது நாற்பதைக் கையால்தான் திருத்தினேன். பேக்கப் எடுக்காமல் இந்த விளையாட்டுக்குப் போகாதீர்கள்.

'கொ', 'கோ' எழுத்துகளிலும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு. கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரண்டு தனிக் குறியீடாகவும் வைக்கலாம்; திரையில் வித்தியாசமே தெரியாது. நண்பனின் பழைய மேக்கிலிருந்து வந்த ஃபைல் பெயர்கள் இப்படிப் பிரிந்த நிலையில் இருந்தன. ஃபைல் பெயரிலிருந்து டேக்கை எடுத்தபோது அதுவும் கூடவே வந்தது, தேடினால் கிடைக்காது. நல்ல வேளை, இதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே விதியில் மாற்றலாம், எதுவும் உடையாது.

பழைய ஃபைல்களில் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். 1996-ல் வந்த ஐடி3 முதல் பதிப்பு ஃபைலின் வாலில் ஒட்டிய 128 பைட். தலைப்புக்கு அதில் 30 பைட்தான். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் தின்னும். 'எம்.எஸ்.விஸ்வநாதன்' என்று எழுதவே 50 பைட் ஆகிறது. நான் முதல் பதிப்பு டேக்கை மொத்தமாக நீக்கிவிட்டு, 2.3 பதிப்பை யூடிஎஃப்-16-ல் மட்டும் எழுதும்படி வைத்திருக்கிறேன்.

இவ்வளவு செய்தும் என் கார் ஸ்டீரியோவில் தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத்தான் வரும். சர்வீஸில் கேட்டேன், "பாட்டு ஓடுதில்ல சார்?" என்றார்கள். ஆகவே ஒவ்வொரு பாட்டிலும் ஆங்கில எழுத்துத் தலைப்புக்கு நானே ஒரு கூடுதல் கட்டம் உருவாக்கினேன். பென்டிரைவுக்கு நகலெடுத்த பிறகு, அந்த நகலில் மட்டும் ஒரு ஆக்‌ஷன் ஓட்டினால் அது தலைப்பு இடத்துக்கு வந்துவிடும். மூலம் தமிழிலேயே இருக்கும்.

இணையத்தில் உள்ள தகவல் தளத்தைப் பார்த்து டேக் போடும் ம்யூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்டையும் முயன்றேன். ஒலியைக் கேட்டே பாட்டை அடையாளம் காணும் வித்தை அதில் உண்டு. இங்கிலீஷ் ஆல்பங்களை அசத்தலாக அடுக்கிக் கொடுத்தது. பழைய தமிழ்ப் பாட்டுகளை, பின்னாளில் வந்த தொகுப்பு சிடியோடு பொருத்தி, அறுபதுகளின் பாட்டுக்கு 2004 என்று வருஷம் போட்டது. அதன் மேல் குற்றமில்லை, தகவல் தளத்தில் இருப்பதைத்தானே கொடுக்கும். எனக்கு எம்பி3டேக்கே போதும். அதன் குறை என்றால், தானாக எதையும் யோசிக்காது. நீங்கள் தப்பாகச் சொன்னால் தப்பை 4,300 தடவை செய்யும்.

மிச்சம் இருப்பது 'யார்?' என்று பெயர் வைத்த ஃபோல்டர். கேசட்டிலிருந்து வந்த 64 பாட்டு, பாடியவர் தெரியாது. ஞாயிறு காலையில் அப்பா நாற்காலியைப் போட்டு உட்கார, நான் ஒவ்வொன்றாக ஓட்டுவேன். பல்லவி முடிவதற்குள் சொல்லிவிடுவார். போன வாரம் ஒன்றில் மட்டும் தடுமாறினார். "ஏ.எம்.ராஜா... இல்ல, பி.பி.ஸ்ரீனிவாஸ். இரு, சரணத்தைப் போடு." சரணம் வருவதற்குள் டேப் தேய்ந்து இழுத்துவிட்டது. கமென்ட் கட்டத்தில் இரண்டு பெயரையும் போட்டு ஒரு கேள்விக்குறி வைத்திருக்கிறேன்.