3 டன் தாங்கும் என்று விற்ற கார் ஸ்டாண்ட் மடங்கி விழுந்தது: வீட்டில் கார் வேலை பார்ப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டே கால் மணிக்கு என் அக்கா மகன் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான். இரண்டு இருபதுக்கு அந்தக் காரின் இடது பக்கம் இறங்கிவிட்டது. இடையில் அவன் 17 நம்பர் ஸ்பேனரைத் தேடி வெளியே வந்திருந்தான். "மாமா, ஸ்பேனர் எங்க வச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே டூல் பாக்ஸைத் திறந்தான். எனக்குப் பின்னால் டமார் என்று சத்தம்.

இன்று புதன். இரண்டு ராத்திரியாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை. கிளட்ச் மாதிரி பெரிய வேலையை வீட்டு போர்ட்டிகோவிலேயே செய்பவர்களுக்கு என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

வண்டி 2009 மாடல் வேகன் ஆர். சென்னை கொளத்தூரில் வீடு, போர்ட்டிகோவில் கான்கிரீட் தரை. ஆயில், பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் ஏழெட்டு வருடமாக நானேதான் மாற்றுகிறேன். கிளட்ச் போன மாதமே நழுவ ஆரம்பித்துவிட்டது. பாடி மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் கத்தும், வண்டி நகராது. அக்கா மகன் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறான். அவனுக்கும் ஒரு பாடமாக இருக்கட்டும், இரண்டு பேரும் சேர்ந்து கியர்பாக்ஸை இறக்கி கிளட்சை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். என்னிடம் இருந்ததெல்லாம் வண்டியோடு வந்த ஜாக்கிதான். அதை நம்பி யாரும் அடியில் போகக்கூடாது, அது ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும். அதனால் சக்கரம் வைத்த ஒரு டிராலி ஜாக்கியும், தூக்கிய காரை அடியில் தாங்கி நிறுத்தும் நல்ல ஸ்டாண்ட் இரண்டும் வாங்கத் தேடினேன்.

பெயர் சொல்ல விரும்பவில்லை. கருவிகளை மட்டும் விற்கும் ஓர் ஆன்லைன் தளம். டிராலி ஜாக்கி ஒன்று, ஸ்டாண்ட் இரண்டு, சக்கரக் கட்டை இரண்டு, எல்லாம் சேர்ந்த செட். 8,640 ரூபாய். படத்தில் ஒரு அப்பாவும் மகளும் வீட்டு வாசலில் கார் வேலை பார்க்கிறார்கள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. விற்பவரின் நம்பர் அங்கேயே இருந்தது, போன் செய்தேன். கேட்க வேண்டிய கேள்வியையும் கேட்டேன். ஸ்டாண்டில் போட்டிருக்கும் எடை பல சமயம் ஜோடிக்கான எடையாக இருக்கும், ஒன்றுக்கு அதில் பாதிதான். "3 டன்னுன்னு போட்டிருக்கே, ஜோடிக்கா, ஒண்ணுக்கா?" என்றேன். "ஒண்ணுக்கு சார். நம்ம சொந்த ஷெட்ல இன்னோவாவ இதுலதான் நாள் கணக்கா நிறுத்தி வச்சிருக்கோம். உங்களுக்குன்னு டெஸ்ட் சர்டிபிகேட் அனுப்புறேன் பாருங்க." ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்தது. முத்திரை, கையெழுத்து, எடைக் கணக்கு எல்லாம் இருந்தது. "அடியில படுக்கப் போறது எங்க வீட்டுப் பையன், அதனாலதான் இவ்வளவு கேக்கறேன்" என்றும் சொன்னேன். "என் தம்பின்னா நான் எதைக் குடுப்பேனோ அதைத்தான் சார் உங்களுக்கும் குடுக்கறேன்." இந்த வார்த்தைக்குத்தான் 8,640 ரூபாயை ஜிபே செய்தேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. தம்பி என்று சொன்னானே.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். பேட்டரி, ட்ரே, கிளட்ச் கேபிள், கியர் கேபிள் கழற்றி, கியர் ஆயிலை வடித்து, முன் சக்கரங்களை எடுத்து, பால் ஜாயின்டைப் பிரித்து, இரண்டு டிரைவ் ஷாஃப்டையும் உருவிவிட்டோம். கழற்றிய சக்கரம் இரண்டையும் பக்கத்துக்கு ஒன்றாகக் கதவுக்குக் கீழே படுக்க வைத்தேன். அம்பத்தூரில் ஒரு பழைய மெக்கானிக் எனக்கு இருபது வருடத்துக்கு முன்னால் சொல்லிக் கொடுத்த பழக்கம். அவர் காலில் விழ வேண்டும். கியர்பாக்ஸை டிராலி ஜாக்கி தாங்கியிருந்தது. நான் பானெட் பக்கம் குனிந்து ஸ்டார்ட்டர் மோட்டார் போல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தேன். யாரும் வண்டியை அசைக்கவில்லை, இடிக்கவில்லை.

இடது ஸ்டாண்டின் ஒரு கால், மேல் வளையத்தோடு சேரும் இடத்தில் வெல்டு பிரிந்து வெளிப்பக்கம் விரிந்துவிட்டது. வண்டி அந்தச் சக்கரத்தின்மேல் போய் உட்கார்ந்தது. கியர்பாக்ஸ் ஜாக்கியிலிருந்து உருண்டு, பையன் படுத்திருந்த அட்டையின்மேல் விழுந்தது. அட்டையில் அவன் முதுகு வியர்வை ஈரம் அப்படியே இருந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை, ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி நின்றான். அக்காவிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அந்த ஸ்டாண்டின் பிரிந்த காலின் தகட்டை வெர்னியரில் அளந்தேன். தளத்தில் 4 மி.மீ. தகடு என்று போட்டிருக்கிறார்கள். இருப்பது 1.6 மி.மீ. வெல்டு சுற்றிலும் ஓடவில்லை, மூன்று இடத்தில் பொட்டு வைத்த மாதிரி பற்றவைத்து மேலே கெட்டியாக சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வேகன் ஆர் மொத்தமே ஒரு டன்னுக்குக் குறைவு. அதில் ஒரு ஸ்டாண்டின்மேல் வந்தது 300 கிலோவுக்குள்தான் இருக்கும். 3 டன் என்று ஸ்டிக்கர் ஒட்டியது 300 கிலோ தாங்கவில்லை.

இனி அவர்கள் பதில்களைக் கேளுங்கள்.

திங்கள் காலை சாட்டில் எழுதினேன். "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று மூன்று முறை அதே வரி. போனில் ஒரு பெண் எடுத்தார். "சார், ரிட்டர்ன் டைம் பத்து நாள், உங்களுக்குப் பன்னிரண்டு நாள் ஆயிடுச்சு" என்றார். "உயிர் போயிருக்கும்மா" என்றேன். "புரியுது சார், ஆனா சிஸ்டம்ல ஆப்ஷன் வரல." போட்டோ கேட்டார்கள், பதினொன்று அனுப்பினேன். டைல்ஸ் தரையில் வைத்ததால் வழுக்கியிருக்கும் என்று பதில் வந்தது. கான்கிரீட் தரையைப் படமெடுத்து அனுப்பினேன். அடுத்த பதில்: தகுதியுள்ள மெக்கானிக் பொருத்தவில்லை, வீட்டு உபயோகத்துக்கு வாரன்டி கிடையாது. விளம்பரத்தில் அப்பாவும் மகளும் இருப்பது வீட்டு வாசல்தானே என்றேன். அதற்குப் பதிலே இல்லை.

விற்றவன் போனை எடுக்கவில்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டேன். "3 டன் ஜோடிக்கு சார், நீங்க தப்பா புரிஞ்சிக்கிட்டீங்க." அப்படியே வைத்துக்கொண்டாலும் ஒன்றுக்கு ஒன்றரை டன் ஆகிறதே என்று கேட்பதற்குள் கட் செய்துவிட்டான். இப்போது இரண்டு நம்பரையும் பிளாக் செய்திருக்கிறான். தளத்தில் நான் போட்ட ரிவ்யூ, விதிமுறைக்கு மாறானது என்று நேற்று நீக்கப்பட்டது. அதற்கு மேலேயும் கீழேயும் "பேக்கிங் அருமை" என்று ஐந்து நட்சத்திரம். அவர்களில் ஒருவராவது அந்த ஸ்டாண்டில் காரை ஏற்றியிருப்பாரா?

8,640 ரூபாய். அதற்கு மேல் கியர்பாக்ஸ் மவுண்ட் பிடிக்கும் இடத்தில் விரிசல், கதவடி மடிப்பு நசுங்கல். அந்தச் செலவைக்கூட நான் கேட்கவில்லை. 8,640-ஐத் திருப்பிக் கொடு, அந்தப் பொருளை விற்பதை நிறுத்து என்றுதான் கேட்கிறேன். அமெரிக்காவில் 2020-இல் உயரத்தை நிறுத்தும் இரும்புப் பல் சரியாகப் பிடிக்காமல் ஸ்டாண்ட் இறங்கிவிடுகிறது என்று தெரிந்ததும் லட்சக்கணக்கில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இங்கே பத்து நாள் முடிந்துவிட்டது என்கிறார்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டேன். 2020 மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பார்க்கிறேன். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். வாங்கிய பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது மனம் ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

ஸ்டாண்டை ஆன்லைனில் வாங்காதீர்கள். புதுப்பேட்டைக்கோ ஜி.பி. ரோடுக்கோ நேரில் போய்த் தூக்கிப் பாருங்கள், வெல்டு சுற்றிலும் ஓடியிருக்கிறதா என்று பெயின்ட்டைச் சுரண்டிப் பாருங்கள். வாங்கி வந்த அன்றே வண்டியை ஏற்றி இரண்டு பக்கமும் பலமாகத் தள்ளிப் பாருங்கள், ரிட்டர்ன் நாள் முடியும்வரை பெட்டியில் வைக்காதீர்கள். கழற்றிய சக்கரத்தை அடியில் போடாமல் ஒருவரும் உள்ளே போகக்கூடாது. தனியாக வேலை பார்க்காதீர்கள். சிவப்புப் பெயின்ட், மஞ்சள் ஸ்டிக்கர், அப்பாவும் மகளும் இருக்கும் படம், 8,640 ரூபாய். இதே செட்டை யாராவது வாங்கி வீட்டில் வைத்திருந்தால் இன்று ராத்திரியே வண்டியை அதிலிருந்து இறக்கிவிடுங்கள்.