ஒரு ரூபாயில் தொடங்கிய வீட்டுப்பாட உதவி

பிளஸ் ஒன் மாணவர்களுக்கு இயற்பியல், வேதியியல் வீட்டுப்பாடங்களில் உதவி செய்வதாகச் சொல்லும் கைப்பேசிச் செயலி ஒன்றில் நானும் என் மகளும் ஏமாந்த விவரத்தை இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இதே முறையில் இயங்கும் செயலிகள் பல இருப்பதால், பெயரைவிட முறையைத் தெரிந்துகொள்வதுதான் பெற்றோருக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

மகள் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். பிளஸ் ஒன்னில் முதல் குரூப் எடுத்து ஆங்கில வழிக்கு மாறியதால், திசையிலி, வெக்டர், மோல் கணக்கு எல்லாம் ஒரே மாதத்தில் வந்து குவிந்ததும் திணறிப்போனாள். நான் பி.காம். படித்தவள், அவளுக்குச் சொல்லிக்கொடுக்க என்னால் இயலாது. டியூஷனுக்கு அனுப்பலாம் என்றால், எங்கள் ஊரிலிருந்து திண்டுக்கல்லுக்குப் போய்த் திரும்ப இரவு ஒன்பது மணி ஆகிவிடும். கேள்வியைப் படம் பிடித்து அனுப்பினால் பதினைந்து நிமிடத்தில் அனுபவமுள்ள ஆசிரியர் படிப்படியாக விடை எழுதித் தருவார், முதல் வாரத்துக்கு ஒரு ரூபாய்தான், பிடித்திருந்தால் மாதம் 499 ரூபாய் என்று தொலைபேசியில் பேசிய பெண் சொன்னபோது, இதைவிட வேறென்ன வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

முதல் பத்து நாட்கள் குறை சொல்ல ஒன்றுமில்லை. அலகு மாற்றுவது, மூலக்கூறு நிறை கண்டுபிடிப்பது போன்ற எளிய கணக்குகளுக்கு விடைகள் அழகாக வந்தன. சிக்கல் ஆகஸ்ட் மாதத் தேர்வில் தெரிந்தது. 14 கிராம் நைட்ரஜனையும் 2 கிராம் ஹைட்ரஜனையும் வினைபுரியச் செய்தால் எத்தனை கிராம் அம்மோனியா கிடைக்கும் என்பது கேள்வி. வீட்டுப்பாடத்தில் வந்த அதே கேள்வி என்பதால், செயலி சொல்லிக்கொடுத்தபடியே 17 கிராம் என்று மகள் எழுதியிருந்தாள். வேதியியல் ஆசிரியை அதை அடித்துவிட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் “14-ம் 2-ம் எவ்வளவு?” என்று மட்டும் எழுதியிருந்தார்.

கணக்குப்பதிவியல் படித்த எனக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. உள்ளே போட்ட சரக்கு 16 கிராம்தான் என்னும்போது 17 கிராம் எப்படி வெளியே வரும்? மறுநாள் ஆசிரியையே மகளுக்கு விளக்கினார். மோல் என்பது வேதியியலில் பொருளின் அளவைச் சொல்லும் அலகு; நைட்ரஜனில் 28 கிராம், ஹைட்ரஜனில் 2 கிராம் ஒரு மோல். ஒரு மோல் நைட்ரஜனுக்கு மூன்று மோல் ஹைட்ரஜன் தேவை. இங்கே நைட்ரஜன் அரை மோல், ஹைட்ரஜன் ஒரே ஒரு மோல். ஆகவே முதலில் தீர்ந்துபோவது ஹைட்ரஜன். கிடைக்கும் அம்மோனியா சுமார் 11.33 கிராம், மிஞ்சும் நைட்ரஜன் சுமார் 4.67 கிராம், இரண்டையும் கூட்டினால் 16. செயலியின் விடையோ ஹைட்ரஜன் போதுமா என்று பார்க்காமலேயே, நைட்ரஜன் முழுவதும் வினைபுரிந்துவிட்டதாக வைத்துக்கொண்டு அடுத்தடுத்த படிகளை மட்டும் பிழையில்லாமல் எழுதியிருந்தது. படிகள் அவ்வளவு ஒழுங்காக இருந்ததுதான் பிள்ளையை நம்பவைத்தது.

அதன்பின் மகளே சோதிக்கத் தொடங்கினாள். மேலே போய்க்கொண்டிருக்கும் லிஃப்ட் ஒன்று வினாடிக்கு வினாடி 2 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது. உள்ளே எடைபார்க்கும் கருவியின் மேல் நிற்கும் 50 கிலோ மனிதருக்கு அந்தக் கருவி காட்டும் விசை என்ன என்று கேட்டாள். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால் விடை 400 நியூட்டன். லிஃப்ட் மேலே போனாலும் வேகம் குறைவதால் முடுக்கம் கீழ்நோக்கி இருக்கிறது என்பதுதான் அந்தக் கணக்கின் சூட்சுமமே. செயலி 600 என்றது. வேகம் குறைகிறதே என்று இவள் கேட்டதும், “நீங்கள் சொல்வது சரி, விடை 400” என்று பதில் வந்தது. வேண்டுமென்றே “இல்லை, 500 தானே?” என்று கேட்டாள். “மிகச் சரி, விடை 500” என்று அதற்கும் பதில் வந்தது. மூன்று விடைகளும் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டன. “அம்மா, அந்தப் பக்கம் ஆளே இல்லை” என்றாள். நிபுணர் என்று போட்டிருந்த புகைப்படத்துக்குப் பின்னால் இருந்தது ஒரு கணினி நிரல்தான் என்றே நானும் நம்புகிறேன். கணினி விடை சொல்வதில் எனக்குக் கோபமில்லை. ஆசிரியர் என்று சொல்லிக் காசு வாங்கியதில்தான் கோபம்.

அன்றே செயலியை அழித்துவிட்டோம். அதோடு விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அக்டோபரில் சிலிண்டருக்குப் பணம் கட்டப் போனபோது கணக்கில் போதிய தொகை இல்லாததைப் பார்த்து வரவு செலவைப் புரட்டினால், ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் ஆகிய மூன்று மாதங்களிலும் 2,499 ரூபாய் வீதம் மொத்தம் 7,497 ரூபாய் போயிருந்தது. அந்த ஒரு ரூபாயைக் கட்டுவதற்காக நான் யுபிஐ ரகசிய எண்ணை அழுத்திய திரையில், மாதந்தோறும் “அதிகபட்சம் 2,499” வரை தானாக எடுத்துக்கொள்ள அனுமதிப்பதாகச் சிறிய எழுத்தில் இருந்திருக்கிறது. தொலைபேசியில் சொன்ன 499-க்கு எழுத்தில் எந்த ஆதாரமும் இல்லை. பணம் எடுப்பதற்கு முந்தைய நாள் குறுஞ்செய்தி வந்திருக்கிறது; விளம்பரங்களுக்கு நடுவே அதை நான் பார்க்கவில்லை. அது என் தவறுதான்.

செயலியை அழித்தால் இந்த அனுமதி அழிவதில்லை. பணம் செலுத்தும் செயலியில் ஆட்டோபே என்ற பகுதிக்குப் போய் நாமே ரத்து செய்ய வேண்டும். கல்விச் செயலிகளுக்கு இப்படித் தானாகப் பணம் எடுக்கும் அனுமதியைத் தவிர்க்கும்படி ஒன்றிய கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே பெற்றோருக்கு அறிவுரை வெளியிட்டிருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நிறுவனத்துக்கு எழுதிய நான்கு மின்னஞ்சல்களுக்கும் “கட்டணம் திரும்பத் தரப்படாது” என்ற ஒரே பதில்தான் வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்த பிறகு தொனி மாறியது. அக்டோபர் மாதத் தொகையை மட்டும் திருப்பித் தந்தார்கள். மீதி 4,998 ரூபாய்க்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கப்போகிறேன். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது; 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். உரையாடல்களையும் அந்த மூன்று விடைகளையும் மகள் படம் பிடித்து வைத்திருந்தது இப்போது உதவுகிறது. வேதியியல் ஆசிரியை திங்கள், வியாழன் மாலைகளில் பள்ளி முடிந்ததும் அரை மணி நேரம் வகுப்பிலேயே இருந்து சந்தேகங்களைத் தீர்க்கிறாராம். ஜூன் மாதத்திலிருந்தே அப்படித்தானாம், நாங்கள்தான் கேட்கவில்லை.