இலையுதிர்காலத்தில் ரோஜா: வாடிய பூவை வெட்டுவதா, காய்க்க விடுவதா?

குளிர் நாடுகளில் ரோஜா வளர்ப்பவர்களுக்கு ஆண்டின் கடைசிப் பூக்கள்தான் பெரும்பாலும் மிக அழகானவை. கோடை வெயிலில் சட்டென்று விரிந்து வெளிறிப்போகும் பூ, இரவுகள் குளிர ஆரம்பித்ததும் நிதானமாக விரிகிறது. நிறம் ஆழமாக ஏறுகிறது, செடியில் அதிக நாள் நிற்கிறது. அந்தப் பூ வாடியதும் கத்தரியை எடுப்பதா, அப்படியே விட்டுவிடுவதா?

வெட்டுவதற்கு ஆதரவான வாதம் எளிமையானது. விதை உருவாக ஆரம்பித்தால் செடியின் கவனம் அதன் பக்கம் போய்விடும். வாடிய பூவை ஐந்து சிற்றிலை கொண்ட இலைக்கு மேலே நறுக்கிவிட்டால், அந்தக் கணுவிலிருந்து புதுத் துளிர் வந்து மறுபடியும் பூக்கும். ஹைபிரிட் டீ, ஃப்ளோரிபண்டா போன்ற மறுபடி மறுபடி பூக்கும் வகைகளுக்கு இது நன்றாகவே பலிக்கும்.

ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. வெட்டிய இடத்திலிருந்து அடுத்த பூ விரிய ஏறக்குறைய 6 முதல் 8 வாரம் பிடிக்கும். உறைபனி அதற்குள் வந்துவிட்டால் பூவும் கிடைக்காது, நாம் தூண்டிவிட்ட இளந்துளிரும் கருகிவிடும். அதனால் முதல் உறைபனிக்குச் சுமார் 6 முதல் 8 வாரம் முன்பே வெட்டுவதை நிறுத்திவிடுவது நல்லது. உறைபனியே வராத இடம் என்றால் இந்தக் கவலை இல்லை, தாராளமாக வெட்டிக்கொண்டே போகலாம்.

காய்க்க விடுவதில் இரண்டு லாபம். செடி புதுத்துளிர் விடுவதைக் குறைத்து, தண்டுகளை முற்றவைத்துக் குளிருக்குத் தயாராகிறது. அப்புறம், அந்தச் சிவந்த பழங்கள்! இலையெல்லாம் கொட்டிய பிறகும் செடியில் நிற்கும், பறவைகளும் தேடி வரும். வைட்டமின் சி நிறைந்தவை என்பதால், இரண்டாம் உலகப் போரில் ஆரஞ்சு வரத்து குறைந்தபோது பிரிட்டனில் காட்டு ரோஜாப் பழங்களை மக்களைக் கொண்டு சேகரித்து, குழந்தைகளுக்காகப் பாகு காய்ச்சினார்கள். சமைப்பதாக இருந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய முடிகளைச் சுத்தமாக நீக்க வேண்டும். தொண்டையையும் வயிற்றையும் அவை உறுத்தும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: எல்லா ரோஜாவும் பழம் தராது. இதழ் அடுக்கடுக்காக இருக்கும் பல வகைகளில் மகரந்தத் தாள்களே இதழாக மாறியிருக்கும். காய் பிடிப்பது அரிது. ருகோசா என்ற ரோஜா இனமும் மற்ற காட்டு ரோஜாக்களும்தான் இதில் ராஜா. ருகோசா குட்டித் தக்காளி மாதிரி பழம் விட்டுக்கொண்டே ஒரு பக்கம் பூக்கவும் செய்யும். பழம் முற்றிச் சிவக்கச் சில மாதங்கள் ஆகும். அதனால் பழம் வேண்டுமென்றால் கடைசிப் பூக்களை நம்பாமல் கோடைப் பூக்களிலேயே சிலவற்றை விட்டுவைக்க வேண்டும்.

என் கட்சி காய்க்க விடுவதுதான். கடைசியாக இன்னொரு மொட்டுக்காகச் செடியைத் தூண்டுவதைவிட, அது நன்றாக ஓய்வெடுத்து வசந்தத்தில் எழுவது எனக்குப் பெரிது. ஹைபிரிட் டீயில் காய் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, கத்தரியைக் கீழே வைத்துவிடலாம். ஈரத்தில் அழுகும் இதழ்களை மட்டும் கையால் உதிர்த்துவிட்டால் பூசணம் பரவாது.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தழைச்சத்து உரத்தைக் கோடை முடிவிலேயே நிறுத்துங்கள். கரும்புள்ளி நோய் கண்ட இலைகளைக் கீழே கிடக்கவிடாமல் கூட்டி அள்ளிவிடுங்கள், அந்தப் பூஞ்சை உதிர்ந்த இலையிலேயே குளிர்காலத்தைத் தாண்டிவிடும். ஆழமான கவாத்து இப்போது வேண்டாம். காற்றில் ஆடி வேரை அசைக்கும் நெடிய தண்டுகளை மட்டும் கொஞ்சம் குறைத்தால் போதும், மீதியைக் குளிர்காலக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கடுங்குளிர் உள்ள இடமென்றால், முதல் சில உறைபனிகளுக்குப் பிறகு ஒட்டுப் போட்ட இடம் மூடும்படி ஒரு அடி உயரத்துக்கு மண்ணோ மட்கிய எருவோ குவித்துவையுங்கள்.