மெக்கில்லா, பிரிட்டிஷ் கொலம்பியாவா?

கனடாவில் படிக்க நினைக்கும் அமெரிக்கப் பள்ளி மாணவர் பலரும் முதலில் தேடுவது இந்த இரண்டு பல்கலைக்கழகங்களைத்தான். ஆனால் இரண்டும் ஆளை எடைபோடும் விதம் வேறு.

மான்ட்ரியாலில் 1821இல் தோன்றிய மெக்கில், பெரும்பாலான படிப்புகளுக்குக் கட்டுரையோ பரிந்துரைக் கடிதமோ கேட்பதில்லை. மதிப்பெண்ணே பேசும். அடக்கமாகப் படித்து நல்ல மதிப்பெண் எடுத்தவருக்கு இதைவிட நேர்மையான வாசல் கிடையாது. சறுக்கியவருக்கோ தன் பக்கத்தைச் சொல்ல இடம் குறைவு. மான்ட்ரியால் இருக்கும் கியூபெக் மாகாணத்து மாணவர்கள் பள்ளிக்குப் பின் சேஜெப் எனப்படும் இடைநிலைக் கல்லூரியில் படித்துவிட்டு வருவதால் அவர்களுக்குப் பட்டப்படிப்பு பொதுவாக மூன்று ஆண்டு; அமெரிக்கருக்கு நான்கு. அமெரிக்கப் பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வுகளான ஏபி தேர்வுகளில் 4 அல்லது 5 பெற்றிருந்தால் 30 கிரெடிட் வரை, அதாவது ஏறக்குறைய ஓராண்டு, மிச்சமாகலாம். பெற்றோர் இதை அவசியம் கணக்கில் எடுக்க வேண்டும்.

வான்கூவரில் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகமும் மதிப்பெண் பார்க்கிறது. கூடவே, செய்த வேலை, ஏற்ற பொறுப்பு, கற்ற பாடம் பற்றிச் சிறு பதில்கள் எழுதச் சொல்கிறது. வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டதும் அங்கே எழுதத் தகுந்ததே.

மதிப்பெண் திடமாக இருந்தால் மெக்கில்லை முதலில் வைப்பேன். வாழ்க்கை மதிப்பெண்ணைவிடப் பெரிய கதை சொல்லுமானால், வான்கூவர்.