ரோட்டரி கட்டர்: பிள்ளைகள் தூங்கிய பிறகு குவில்ட் தைப்பவர்களுக்கு

குவில்ட், அதாவது துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை, தைக்க ஆசை இருக்கிறது, நேரம்தான் இல்லை என்று சொல்லும் அம்மாக்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். புது மெஷின் வாங்க வைத்திருக்கும் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து முதலில் ஒரு ரோட்டரி கட்டர் வாங்குங்கள், துணி மேல் உருட்டி வெட்டும் வட்டக் கத்தி அது. 45 மி.மீ. பிளேடு உள்ளது போதும். கூடவே 24க்கு 18 இஞ்ச் கட்டிங் மேட்டும், 12 இஞ்ச் நீள அக்ரிலிக் ஸ்கேலும் வேண்டும். மூன்றையும் சேர்த்தே வாங்க வேண்டும். மேட் இல்லாமல் தரையில் வைத்து வெட்டினால் பிளேடு போய்விடும். சாதாரண ஸ்கேலைப் பிடித்து வெட்டினால் விரல் போய்விடும்.

எங்கள் வீடு மதுரையில், ஒரே ஹால். காலையில் சமையல், ஸ்கூல் வேன், ஆபீஸ். சாயங்காலம் வீட்டுப்பாடம், அத்தைக்கு மாத்திரை, மறுநாளைக்கு மாவு. எல்லாம் முடிந்து உட்கார ராத்திரி பத்து மணி ஆகிவிடும். அந்த நேரத்தில் மிதி மெஷினை ஓட்ட முடியாது, பெரியவர் முதல் சின்னது வரை எல்லோரும் எழுந்துவிடுவார்கள். கட்டருக்குச் சத்தமே கிடையாது. அதனால் எங்கள் வீட்டில் வெட்டும் வேலை ராத்திரிக்குப் போனது, தைக்கும் வேலை ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு. இஸ்திரி தனியாக இல்லை. யூனிஃபார்ம் தேய்க்கும்போதே துணித் துண்டுகளையும் தேய்த்துவிடுகிறேன்.

எவ்வளவு நேரம் மிச்சம் என்பதை ஒரு கணக்கில் சொல்கிறேன். ஒன்பது சதுரம் சேர்ந்த 'நைன் பேட்ச்' ப்ளாக் (குவில்ட்டின் ஒரு கட்டம்) பதினாறு வேண்டும் என்று வையுங்கள். கத்தரி என்றால் 144 சதுரம். ஒவ்வொன்றுக்கும் சாக்கில் கோடு, ஒவ்வொன்றாக வெட்டு. கட்டர் இருந்தால் இரண்டரை இஞ்ச் அகலத்தில் ஒன்பது பட்டைகள், அவ்வளவுதான். கரையை நீக்கியபின் பட்டை 40 இஞ்ச் நீளம் இருக்க வேண்டும். அடர்நிறம் ஐந்து, வெளிர்நிறம் நான்கு. அடர்-வெளிர்-அடர் என்று இரண்டு செட், வெளிர்-அடர்-வெளிர் என்று ஒரு செட், நீளவாக்கில் கால் இஞ்ச் விட்டுத் தைத்துவிடுங்கள். பிறகு குறுக்கே இரண்டரை இஞ்சுக்கு ஒன்றாக வெட்டினால் செட்டுக்குப் பதினாறு துண்டு. முதல் வகையில் இரண்டு, இரண்டாவதில் ஒன்று என்று இணைத்தால் பதினாறு ப்ளாக்கும் வந்துவிடும். தைத்து முடிந்தபின் ஒவ்வொன்றும் ஆறு இஞ்ச்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, எந்த இடத்திலும் வேலையை நிறுத்தலாம் என்பது. சின்னவன் எழுந்து தண்ணீர் கேட்டால் நான்கு பட்டையோடு நிறுத்திவிட்டு எழுந்து போகலாம். மறுநாள் ஐந்தாவது பட்டையும் அதே அளவில் விழும். கத்தரியில் அப்படி வராது. களைத்த கை நேற்று ஒரு அளவு, இன்று ஒரு அளவு வெட்டும். அரைக்கால் இஞ்ச் வித்தியாசம் வந்தால்கூட மூலைகள் சேராது. பிரித்துத் தைப்பதில் ஒரு ஞாயிறே போய்விடும்.

1979-ல் ஜப்பானின் ஒல்ஃபா நிறுவனம் இந்தக் கருவியைக் கொண்டுவந்தது. நுனியை ஒடித்துவிட்டுப் புது முனையால் வெட்டும் கத்தி நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவர்களும் அவர்கள்தான். அதற்கு முன் குவில்ட்டுக்குப் பேர்போன அமெரிக்காவிலும் அட்டை அச்சு வைத்து, பென்சிலால் கோடு போட்டு, கத்தரியால்தான் வெட்டினார்கள்.

நம் துணிகளுக்கு இது நன்றாகவே ஒத்துவருகிறது. விளக்குத்தூண் பக்கம் வாங்கும் சுங்குடி, பாப்ளின், அத்தை கொடுத்த பழைய வேட்டி எல்லாம் நான்கு மடிப்பு வரை ஒரே இழுப்பில் வெட்டுப்படுகின்றன. 44 இஞ்ச் துணியை இரண்டு முறை மடித்தால் 11 இஞ்ச் ஆகிவிடும். 12 இஞ்ச் ஸ்கேல் போதும் என்று சொன்னது அதனால்தான். மடிப்பு ஸ்கேலின் குறுக்குக் கோட்டோடு நேராக நிற்கிறதா என்று மட்டும் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோணினால் பட்டையை விரிக்கும்போது நடுவில் வளைந்திருக்கும். சுங்குடியைத் தண்ணீரில் அலசிக் காயவைத்துவிட்டு வெட்டுவது நல்லது, சாயம் பக்கத்துத் துண்டில் இறங்குவது குறையும்.

குறைகளும் உண்டு. பிளேடு மழுங்கும், மாற்று பிளேடு வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். குண்டூசி மேல் ஒரு முறை ஏறினால் போதும், பிளேடில் பல் விழுந்து, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் நூல் அறுபடாமல் நிற்கும். காகிதம் வெட்டவும் அதே பிளேடை எடுக்கக்கூடாது. மேட் வெயிலுக்கு ஆகாது. மதுரை வெயிலில் மாடியிலோ ஜன்னலோரத்திலோ விட்டால் நெளிந்துவிடும், பிறகு நேராகாது. அதன் மேல் இஸ்திரிப் பெட்டியும் வைக்கக்கூடாது. எங்கள் வீட்டில் கட்டிலுக்கடியில் படுக்கைவாட்டில் கிடக்கிறது.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம் கவனிக்க வேண்டியது பிளேடின் மூடி. ஒரு வெட்டு முடிந்து கையிலிருந்து கீழே வைக்கும் முன் மூடிவிட வேண்டும், அடுத்த வெட்டு அரை நிமிடத்தில் இருந்தாலும் சரி. பிடியை விட்டதும் தானே மூடிக்கொள்ளும் மாடலும் கிடைக்கிறது. நடக்கப் பழகும் குழந்தை இருந்தால் அதைத்தான் வாங்கச் சொல்வேன். பழைய பிளேடைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். டேப் சுற்றி ஒரு தகர டப்பாவில் சேர்த்து வையுங்கள், குப்பை அள்ளுபவர் கை பத்திரம்.

ஸ்கேலில் மட்டும் மலிவு பார்க்க வேண்டாம். கால் இஞ்ச் கோடு தெளிவாக இருக்கிறதா, இரண்டு ஓரத்திலிருந்து அளந்தாலும் ஒரே அளவு வருகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

அறுகோணக் காகிதத்தில் துணி சுற்றிக் கையால் தைக்கிறவர்களுக்கு இந்தச் செட் வேண்டியதில்லை, நல்ல கத்தரி ஒன்று போதும். நேர்கோட்டு ப்ளாக் தைக்கிறவர்கள் வாங்கலாம்.